கோயிற் காடுகளும் நகரத்துச் சிறுவனங்களும்

யப்பான் நாட்டுச் சிற்றூர்களின் வயல்வெளி நடுவே தீவுபோல நிற்கும் மரத்தோப்புகள் பலவற்றைக் காணலாம். தோப்பின் முகப்பில் இரு தூண்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட வாயில் ஒன்று இருக்கும். அதனைக் கடந்து இருளடர்ந்த வழியே சென்றால் மிகச் சிறிய கோயில் ஒன்று தோன்றும். அக்கோயிலைச் சூழ்ந்த மரங்களை அந்நாட்டார் 'சின்ஜு நோ மோரி' என்பர். ஊரைக் காக்குந் தெய்வத்தின் காடு என்பது அதன் பொருள். அவர்களுடைய சிந்தோ நெறியிலே கோயிற் கட்டடம் பிற்காலத்தது. அதற்கு முன்னரே மரக்கூட்டம் வழிபடப்பட்டது. ஆதலின் அம்மரங்களிற் கோடரி வைப்பார் அரியர். கட்டடம் பழுதுற்றால் ஊரார் புதுக்குவர். மரமோ தானே முளைத்துத் தானே முதிர்ந்து தானே வீழ்ந்து உக்கி மண்ணாகும்.

இன்று உலகின் பல நகரங்களில், பாடசாலை வளவுகளிலும் வீதியோரத் துண்டு நிலங்களிலும், அவ்வந் நாட்டுக்குரிய மரங்களைக் கொண்டு சிறு காடுகள் நாட்டப்படுகின்றன. இவற்றை 'மியாவாக்கி காடு' என அழைப்பதும், யப்பானிற் பிறந்த புதிய விஞ்ஞானம் என்று பத்திரிகைகள் எழுதுவதும் வழக்கமாகிவிட்டன. விஞ்ஞானம் என்பது மெய்தான். ஆயினும் அவ்விஞ்ஞானத்துக்குப் பாடநூலாய் அமைந்தவை மேற்சொன்ன கோயிற் காடுகளே. அந்நூலின் ஏடுகள் ஒரு காலத்தில் அரசாங்கக் கட்டளையாலேயே கிழித்தெறியப்பட்டன. அவ்வரலாற்றை வாலிபர்களும் பெரியோரும் ஒருங்கே அறிதல் நன்று எனக் கருதி இங்கே எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

1906 ஆம் ஆண்டில் யப்பானிய அரசாங்கம் ஊர்க்கோயில்களை ஒன்றோடொன்று இணைக்கும் கட்டளையைப் பிறப்பித்தது. ஒரு கிராமத்துக்கு ஒரு கோயில் போதும், போதிய சொத்தில்லாத கோயில் வேண்டியதில்லை என்பது அதன் சாரம். வரவுசெலவு நோக்கிலே பார்ப்பவர்க்கு இது சீர்திருத்தம் போலத் தோன்றியிருக்கலாம். நிகழ்ந்தது யாதெனின், ஏறக்குறைய பத்தாண்டு காலத்துள் 70,000 அளவான கோயில்கள் மறைந்தன. வாக்கயாமா, மியே என்னும் மாகாணங்களில் அழிவு மிகவும் கொடிதாயிருந்தது. கோயில் போனபின் அதன் காட்டுக்குக் காவலேது? பல நூற்றாண்டு கண்ட மரங்கள் விலைப்பட்டன. இணைப்புக்குத் துணைபோனவர்களுள் மரத்தின் விலையை மனத்துள் எண்ணியவர் சிலரேனும் இருந்தனர் என்று கொள்வது பிழையாகாது.

இதனை எதிர்த்தெழுந்தவர் மினாக்கத்தா குமாகுசு (1867–1941) என்னும் அறிஞர். இளமையில் இலண்டன் சென்று பிரித்தானிய நூதனசாலையில் ஆண்டுக்கணக்காக நூல்களிலே மூழ்கியிருந்தவர். 1900 இல் தாய்நாடு மீண்டு, பின் வாக்கயாமா மாகாணத்துத் தனாபே என்னும் கடற்கரை ஊரில் வாழ்ந்தார். உக்கிய மரத்திலும் ஈரச் சருகிலும் வாழும் நுண்ணிய உயிர்களை ஆராய்வது அவர் தொழில். அவ்வுயிர்கள் கோயிற் காடுகளிலேதான் அவருக்குக் கிடைத்தன. எனவே காடு வெட்டப்படுதல் அவருக்குத் தம் நூல்நிலையம் எரிவதை யொத்தது. எனினும் அவர் தம் ஆராய்ச்சிக்காக மாத்திரம் வாதாடினாரல்லர். கோயிற் காடு அழியின் பறவை அகலும், பறவை அகலின் பயிரழிக்கும் பூச்சி பெருகும், ஊரார் ஒன்றுகூடும் இடம் இல்லையாகும், பிறந்த ஊர்மேல் உள்ள பற்றே தளரும் என்று பத்திரிகைகளிலும் கடிதங்களிலும் ஓயாது எழுதினார். உயிர்கள் தம்முள்ளும் தம் சூழலோடும் கொண்ட தொடர்பை ஆராயும் 'சூழலியல்' என்னும் துறையின் பெயரை 1911 ஆம் ஆண்டிலேயே தம் கடிதங்களில் எடுத்தாண்டார். அக்காலத்தில் அச்சொல்லை அறிந்தவர் யப்பானில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

குமாகுசு சாந்தமான மனிதரல்லர். 1910 ஆம் ஆண்டிலே கோயில் இணைப்பை ஆதரித்த அதிகாரி ஒருவர் கலந்துகொண்ட கூட்டத்தினுள் அத்துமீறிப் புகுந்து குழப்பம் விளைத்தமையால் பதினெட்டு நாள் சிறையிலிருந்தார். இளைஞர்கள் பின்பற்றவேண்டிய முறை இதுவென்று நாம் சொல்லோம். அவருடைய பேனாவே அவர் கைகலப்பினும் வலியதாயிற்று. இணைப்புக் கொள்கை 1920 ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. தனாபே விரிகுடாவிலுள்ள காஷிமா என்னும் சிறு தீவின் காடு பிழைத்ததற்கு அவர் முயற்சியே பெருங் காரணம். 1929 இல் யப்பானியச் சக்கரவர்த்தி அப்பகுதிக்கு வந்தபோது, ஒருகாற் சிறையிருந்த இவ்வறிஞரே அவருக்கு உயிரியல் விளக்கஞ் செய்தார்.

ஒரு புறம் அரசாங்கம் ஊர்க்கோயிற் காடுகளை அழிய விட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், மறுபுறம் தலைநகரில் புதுக்காடு ஒன்றை நாட்ட முனைந்தது. வரலாற்றின் வேடிக்கைகளுள் இதுவும் ஒன்று. 1912 இல் மெய்ஜி சக்கரவர்த்தி காலமானார். அவர் நினைவாகத் தோக்கியோ நகரில் யொயோகி என்னுமிடத்திலே கோயில் எடுக்கத் தீர்மானமாயிற்று. ஏறக்குறைய 170 ஏக்கர் நிலம். அதன் பெரும்பகுதி வயலும் புல்வெளியும் பற்றையுமே. காட்டைத் திட்டமிடும் பொறுப்பு ஹொண்டா செயிரொக்கு என்னும் வனவியற் பேராசிரியரிடமும் அவர் மாணாக்கரான ஹொங்கோ தக்கனோரி, உவெஹாரா கெய்ஜி என்போரிடமும் வந்தது.

பிரதம மந்திரியாயிருந்த ஒக்குமா ஷிகெனொபு, வானளாவ நிமிர்ந்து நிற்கும் 'சுகி' என்னும் ஊசியிலை மரங்களே கோயிலுக்குப் பெருமை தரும் என்றார். பெரிய கோயில்களில் அவர் கண்ட காட்சி அது. அறிஞர்களோ அதற்கு உடன்படவில்லை. தோக்கியோவில் வளர்ந்த சுகியின் வளர்ச்சியையும் மலைநாடான நிக்கோவில் வளர்ந்ததன் வளர்ச்சியையும் அளந்து ஒப்பிட்டு, நகரத்து மண்ணிலும் புகையிலும் அம்மரம் செழிக்காது எனக் கணக்கோடு காட்டினர். பிரதம மந்திரி இணங்கினார். அதிகாரத்தின் முன் அளவுகோலை எடுத்துவைத்த அவ்வாசிரியரை நாம் எத்துணை பாராட்டினும் தகும்.

அவர்கள் வகுத்த திட்டம் நூற்றாண்டைக் கடந்து நோக்கியது. முன்பே நின்ற தேவதாரு இனமரங்கள் முதலில் உயர்ந்து நிற்கும், அவற்றின்கீழ் வேறு ஊசியிலை மரங்கள், அவற்றின்கீழ் கருவாலி இனங்களும் கற்பூர மரமும் போன்ற அகன்ற இலையுடைய என்றும்பசும் மரங்கள், அடியிற் செடிகள். மேலுள்ளவை காலப்போக்கில் மாய, கீழுள்ளவை எழுந்து, ஈற்றில் என்றும்பசும் மரங்களே காட்டை ஆளும். அதன்பின் மனிதன் நாட்டவேண்டியதில்லை, காடு தன் வித்தால் தன்னைப் புதுக்கிக்கொள்ளும். நாட்டின் பல திசைகளிலுமிருந்து மக்கள் அன்பளிப்பாக அனுப்பிய 1,00,000 அளவான மரங்கள், 365 இனங்கள், அங்கே நாட்டப்பட்டன.

எமது சங்கத்தார் சிறப்பாக அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. முதலாம் உலகப்போரை யொட்டிக் கூலி ஏறிவிட, வேலைக்கு ஆள் கிடையாதாயிற்று. அப்போது தசாவா யொஷிஹரு என்பவர், ஊர்தோறுமுள்ள வாலிபர் சங்கங்களை அழைக்கலாம் என யோசனை கூறினார். முறைவைத்து வந்த வாலிபர்கள் மண் சுமந்தனர், பாதை வெட்டினர், மரம் நாட்டினர். தொகை ஏறக்குறைய 1,10,000 என்பர். 1920 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1 ஆந் திகதி கோயில் திறக்கப்பட்டது. 1945 இல் விமானக் குண்டுகளால் கோயிற் கட்டடங்கள் எரிந்தொழிந்தன. காட்டின் பெரும்பகுதி பிழைத்தது. கட்டடத்தை 1958 இல் மீண்டும் எடுத்தனர். பாதையிற் கூட்டிய சருகை இன்றும் வெளியே கொட்டுவதில்லை. கூட்டுவோர் அதனைக் காட்டுக்குள்ளேயே இட்டுவிடுகின்றனர். 2013 இல் வெளியான கணக்கெடுப்பின்படி அங்கே 36,000 அளவான மரங்கள், 234 இனங்கள் நின்றன. திட்டமிட்டோர் எதிர்பார்த்த காலத்துக்கு முன்னரே காடு முதிர்ந்துவிட்டது.

இனி மியாவாக்கியின் வரலாற்றுக்கு வருவோம். அகிரா மியாவாக்கி 1928 இல் ஒக்கயாமா மாகாணத்திற் பிறந்தவர். அவர் முதலில் ஆராய்ந்தது களைகளை. 1958 இல் ஜேர்மனிக்குச் சென்று ரைன்ஹோல்ட் ரியூக்சன் என்னும் தாவரவியலாரிடம் பயின்றார். ஒரு நிலத்தில் மனிதன் கைவைப்பது இன்றோடு நின்றுவிடின் அம்மண்ணும் மழையும் எவ்வகைக் காட்டை ஈன்றெடுக்கும்? இதுவே ரியூக்சன் எழுப்பிய வினா. அதற்கு விடையாய் வரும் தாவரக் கூட்டத்தை நிலத்தின் இயல்பான உள்ளாற்றற் தாவரம் எனலாம். மியாவாக்கி யப்பான் மீண்டபோது அவ்வினாவுக்கு விடை எங்கே கிடைக்குமெனத் தேடினார். மலைகளில் நின்றவை பெரும்பாலும் மரத்தொழிலுக்காக நாட்டிய சுகியும் அதன் இனமுமே. விடை, சிறுவயதில் திருவிழாவுக்குச் சென்ற கோயிலின் காட்டில் இருந்தது. தபு, ஷீ, காஷி எனப்படும் என்றும்பசும் மரங்கள் மனிதன் தலையிடாத இயல்பிலே அங்கே நின்றன. குமாகுசு காலத்து அழிவுக்குத் தப்பிய கோயில்களே இவருக்கு மரப்பட்டியலைத் தந்தன என்பதை மறத்தலாகாது. அவரும் மாணாக்கரும் நாடு முழுவதும் ஆராய்ந்து 1980 முதல் 1989 வரை யப்பானின் தாவரங்களைப் பற்றிப் பத்துப் பெருந் தொகுதிகளை வெளியிட்டனர்.

நாட்டும் வாய்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1970 ஐ அடுத்த ஆண்டுகளில் தொழிற்சாலைப் புகைக்கெதிராக யப்பானிய மக்கள் கிளர்ந்தெழ, ஓயித்தா என்னுமிடத்து உருக்காலை தன்னைச் சுற்றிக் காடு வேண்டுமென்றது. கடலைத் தூர்த்து ஆக்கிய நிலம் அது. அயலிலுள்ள கோயிற் காடுகளைப் பார்த்து இனங்களைத் தெரிந்து, வித்துப் பொறுக்கிச் சாடிகளில் முளைக்கவைத்து, வேர் சாடி நிறைந்தபின் நாட்டினர்.

முறை இதுதான்: மண்ணைப் பொலபொலப்பாக்கிச் சருகும் எருவும் கலப்பர். சதுர மீற்றருக்கு மூன்று கன்று வீதம், உயர்மரம், நடுமரம், செடி என்பவற்றை வரிசையின்றிக் கலந்து நாட்டுவர். மேலே வைக்கோல் பரப்புவர். இரண்டு மூன்று ஆண்டு களை பிடுங்குவர். அப்பால் விட்டுவிடுவர். நெருக்கமே இதன் உயிர்நிலை. ஒளிக்காகக் கன்றுகள் ஒன்றையொன்று முந்தி மேலெழும். நிழல் விரைந்து தரையை மூட, களை தானே ஒடுங்கும். நலிந்தவை மடிந்து மற்றவைக்கு உரமாகும். பல மடியும் என்பது முன்னரே எண்ணப்பட்ட கணக்கு. கன்று பட்டதென்று வருந்துவோர் இம்முறையை விளங்கிக்கொள்ளாதவர். இயற்கையாய் எழ 150 அல்லது 200 ஆண்டு வேண்டிய காட்டை 20, 30 ஆண்டில் எழுப்பலாம் என்பது மியாவாக்கியின் கூற்று. யப்பானின் மழைக்கும் மண்ணுக்கும் அது பொருந்திற்று.

பின்னர் சரவாக்கிலும் சீனாவிலும் அவர் நாட்டினார். இந்தியாவில் பெங்களூர் அருகே மோட்டார்க் கார்த் தொழிற்சாலை ஒன்றில் அவர் நாட்டியதைக் கண்ட சுபேந்து சர்மா என்னும் இளம் பொறியியலாளர், வேலையை விட்டு 2011 முதல் இதனையே தொழிலாக்கினார். நெதர்லாந்தின் சாண்டாம் நகரில் 2015 இல் டென்னிசு ஆடுகளத்து அளவேயான சிறுகாடு எழுந்து, அங்கே பாடசாலைப் பிள்ளைகளின் வகுப்பறையுமாயிற்று. சென்னையின் மாநகராட்சியும் 2020 இல் கோட்டூர்புரத்தில் இவ்வகைக் காடொன்றை நாட்டியது. மியாவாக்கி 2021 யூலையிற் காலமானார்.

பெயர் பரவிய அளவுக்கு முறை பரவியதா என்பது வேறு. பூமரமும் பழமரமும் கிடைத்தவாறு நெருக்கி நட்டுவிட்டு மியாவாக்கி காடு எனப் பலகை தொங்கவிடுவாரும் உளர். இயல்பிலே புல்வெளியாகவும் சதுப்பாகவும் உள்ள இடத்தைக் காடாக்க முனைவது அங்குள்ள உயிர்களுக்குத் தீங்கேயாம். வரண்ட நாட்டில் முதலிரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லையெனில் தொடங்காமலிருப்பதே நன்று. எல்லாவற்றிலும் பெரிய இடர், எந்த மரம் எந்த மண்ணுக்கு உரியது என்று சொல்லும் மூலக்காடு அருகில் இல்லாமை.

தமிழகத்தின் கீழைக்கரையில் இவ்விடர் நேர்ந்தபோதும் கைகொடுத்தது கோயிலே. சோழமண்டலக் கரையின் உலர்வலய என்றும்பசுங் காடு பெரும்பாலும் அழிந்துபோக, எஞ்சிய துண்டுகளிற் பல ஐயனாருக்கும் அம்மனுக்கும் விடப்பட்ட கோயிற் காடுகளாயின. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிற் காடு அவற்றுள் பெயர்பெற்றது. 1968 இல் அமைந்த ஓரோவில் குடியிருப்பினர், செம்மண் வெட்டவெளியாய்க் கிடந்த தம் நிலத்தை மீண்டும் காடாக்க முனைந்தபோது அத்தகைய கோயிற் காடுகளிலிருந்தே வித்தெடுத்தனர். வீரை, பாலை, காயா, கருங்காலி என்னும் அம்மரங்கள் எமக்கு அந்நியமல்ல. பாக்குநீரிணைக்கு இப்பால் வன்னிக் காட்டில் நிற்பனவும் அவையே. பாலைப்பழம் வன்னி வீதியோரங்களில் விலைப்படுவது ஆனி, ஆடி மாதங்களில். வித்துச் சேர்க்க விரும்புவார்க்கும் அதுவே பருவம்.