பெட்டியில் வந்த மோட்டார் வண்டி

கொழும்புக் கோட்டைக்குப் புறத்தே எழுந்த நகர்ப்பகுதி புறக்கோட்டை எனப் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'பெட்டா' என்னும் பெயரும் பேட்டை என்ற தமிழ்ச் சொல்லின் வழிவந்ததே. அங்குள்ள டாம் வீதி துவிச்சக்கர வண்டிக் கடைகளுக்குப் பேர்போனது. சட்டம், சில்லு, மிதி, சங்கிலி எனத் தனித்தனியே வந்திறங்கும் உறுப்புக்கள் கடைக்காரரின் கையிலே முழு வண்டியாகி வெளியேறுகின்றன. சற்று அப்பால், மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையில், மோட்டார் வண்டியின் உறுப்பு எதுவாயினும் புதிதாகவோ பழையதாகவோ தேடிப் பெறலாம்.

துவிச்சக்கர வண்டியைப் பொருத்தும் நாடு மோட்டார் வண்டியைப் பொருத்தலாகாதா? அந்நியச் செலாவணி வற்றிய காலங்களில் இவ்வினா இலங்கையில் எழுந்திருக்கிறது. விடையும் கிடைத்திருக்கிறது. ஆனால் அவ்விடை நிலைத்து நின்றதா என்பதே வரலாறு கேட்கும் கேள்வி.

உறுப்புக்களைப் பெட்டியில் வாங்கி வண்டியாகப் பொருத்தும் தொழில் பெரும்பாலும் தீர்வையின் பிள்ளை. இங்கிலாந்திலே முழு வண்டிக்குக் கொள்வனவு வரி இருந்தது. வாங்குவோர் தாமே பொருத்திக்கொள்ளும் உறுப்புத் தொகுதிக்கு அவ்வரி இல்லை. 1957இல் கொலின் சப்மனின் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட 'செவன்' என்னும் சிறு வண்டி இவ்வாறு பெட்டியிலும் விற்பனையாயிற்று. 1973 ஏப்ரலில் கொள்வனவு வரி நீங்கிப் பெறுமதி சேர் வரி வந்தது. பெட்டி வண்டியின் சலுகையும் உடன் நீங்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. லோட்டஸ் நிறுவனம் 'செவன்' வண்டியின் உரிமையைக் கேட்டரம் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. வரியால் பிறந்த தொழிலுக்கு வரி மாற்றமே சோதனையாயிற்று.

இலங்கையின் கதையும் இதனோடு ஒத்ததே. 1970 முதல் 1977 வரை ஆட்சி புரிந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இறக்குமதியை இறுகக் கட்டுப்படுத்தியது. அக்காலத்திலே தொழிலதிபர் உபாலி விஜேவர்தன இத்தாலியின் பியட், ஜப்பானின் மஸ்டா வண்டிகளுக்கான உறுப்புக்களைத் தருவித்து உள்நாட்டிலே பொருத்தி விற்றார். வெளிநாட்டு வண்டி அரிதாயிருந்த நாளில், உள்நாட்டிற் பொருத்திய வண்டியே மக்களுக்குப் பெருமையாயிற்று. ஆயினும் 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. முழு வண்டிகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. தடையின் நிழலில் வளர்ந்த தொழிலுக்கு வெயில் பொறுக்கவில்லை. 1983 பெப்ரவரியில் உபாலி பயணம் செய்த விமானம் மலாக்கா நீரிணைப் பகுதியிலே காணாமற்போயிற்று.

பின்னரும் முயற்சி ஓயவில்லை. 1995இல் லோரன்ஸ் பெரேரா தொடங்கிய மைக்ரோ நிறுவனம் 2003இல் 'பிரிவிலேஜ்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. 2019இல் வெலிப்பன்னையில் இந்தியாவின் மஹிந்திரா வண்டிகள் பொருத்தப்படலாயின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்குத் தடை வந்தது. பழைய வண்டியின் விலை வானளாவியது. அத்தடை உள்நாட்டிற் பொருத்துவோருக்கு வாய்ப்பளித்தது உண்மை. ஆனால் உறுப்புப் பெட்டிக்கும் டொலர் வேண்டுமன்றோ! 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்த நாட்களில், அந்தப் பெட்டியைத் தருவிப்பதும் பெரும் பாடாயிற்று. எரிபொருளுக்காக நின்ற வரிசைகளும் நீண்டன. அந்நாட்களில் பலர் மீண்டும் துவிச்சக்கர வண்டியையே நாடினர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1977இன் வினா திரும்பவும் வாயிலில் வந்து நின்றது.

இதற்கு விடை தேடுவோர் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் நோக்குதல் நன்று. ஆங்கிலேயர் ஆட்சியிலே ஜெனரல் மோட்டர்ஸ் பம்பாயிலும் போர்ட் நிறுவனம் பம்பாய், சென்னை முதலிய நகரங்களிலும் வண்டிகளைப் பொருத்திவந்தன. உறுப்புக்களைப் படிப்படியாக உள்நாட்டிலே செய்யாத நிறுவனத்துக்கு இடமில்லை என்ற கொள்கையை 1953இல் இந்திய அரசு மேற்கொண்டது. அவ்விரு நிறுவனங்களும் வெளியேறின. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் நிறுவனம் நிலைத்து, 1961இல் 'ஹெரால்ட்' வண்டியைத் தந்தது. 1983இல் மாருதி வந்தபின் அந்நிறுவனமும் அப்பத்தாண்டின் இறுதியிலே மறைந்தது.

வண்டி மறைந்தாலும் கைத்திறன் மறையவில்லை. 1960களில் சென்னையின் பாடியைச் சுற்றி எழுந்த லூக்காஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் பாஸ்ட்னர்ஸ் முதலிய உறுப்புத் தொழிற்சாலைகள் நிலைத்தன. 1990களில் போர்டும் ஹூண்டாயும் சென்னையைத் தேடி வந்தபோது, உறுப்புச் செய்யும் கைகள் அங்கே ஆயத்தமாயிருந்தன. வண்டியின் பெயர்ப்பலகை உதிர்ந்துபோக, திருகாணி செய்தவன் வாழ்ந்தான்.

இலங்கையிலும் அத்தகைய கைகள் உண்டு. இந்நாட்டு இறப்பரிலிருந்து செய்யும் திண்ம டயர்கள் உலகச் சந்தையிலே மதிப்புப் பெற்றவை. வாகனக் காற்றுப்பைகளுக்கான உணரிகளும் இங்கே செய்யப்பட்டு ஏற்றுமதியாகின்றன. லொறிகளுக்கும் பஸ்களுக்கும் உடற்கூடு கட்டும் பட்டறைகளும் பல உள. எனவே ஆண்டொன்றுக்கு எத்தனை வண்டி பொருத்தப்பட்டது என்று எண்ணுவதைவிட, பொருத்திய வண்டியிலே இங்கு செய்த உறுப்பு எத்தனை என்று எண்ணுவதே தகும். தீர்வைச் சலுகையும் அக்கணக்கையே பின்பற்ற வேண்டும். ஆண்டுக்காண்டு அக்கணக்கு உயரவும் வேண்டும். அன்றேல், சலுகையின் செலவைப் பொதுமக்கள் சுமக்க, இலாபம் பெட்டியைத் திறந்தவனோடு நின்றுவிடும்.

சிறிய சந்தையுடைய நாடு தனித்து ஒரு முழு வண்டியை மலிவாகச் செய்தல் எளிதன்று. ஆயினும் உலகின் வண்டிகள் அனைத்திலும் ஓருறுப்பையேனும் செய்வதற்குத் தடையில்லை. இனியொரு நெருக்கடி வந்து துறைமுகத்தின் வாயில் மீண்டும் அடைபடுமாயின், அப்போது நாட்டைத் தாங்குவது பெட்டியைத் திறக்கத் தெரிந்த கையன்று; அதனுள் உள்ளதைச் செய்யத் தெரிந்த கையே.