திருப்பதியில் காரீயமும் லித்தியமும்: பேட்டரியின் கனத்தைச் சொல்லும் ‘சமான எடை’ கணக்கு

கார் பேட்டரியை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். பவர் பேங்க் அப்படி இல்லை. இந்த வித்தியாசத்துக்கான ஒரு முக்கியக் காரணம், பள்ளி வேதியியலில் படித்து மறந்த ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது. அதுதான் சமான எடை.

இரண்டு வகைக்கும் ஆலை வந்த ஊர் திருப்பதி. 1985-ல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்துக்கு, திருப்பதி அருகே கரகம்பாடியிலும் சித்தூர் மாவட்டத்திலும் காரீய-அமில பேட்டரி ஆலைகள் உள்ளன. சென்னையின் முனோத் இண்டஸ்ட்ரீஸ், 165 கோடி ரூபாய் முதலீட்டில் அமைத்த லித்தியம் செல் ஆலை 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. அதன் திறன், தினமும் 10 ஆம்பியர்-மணி செல்கள் 20,000.

சமான எடை என்றால் என்ன?

8 கிராம் ஆக்சிஜனுடன் எத்தனை கிராம் உலோகம் சேருகிறதோ, அதுதான் அந்த உலோகத்தின் சமான எடை. சூத்திரம் ரொம்ப சிம்பிள்: அணு எடை ÷ இணைதிறன்.

காரீயம்: 207.2 ÷ 2 = 103.6
லித்தியம்: 6.94 ÷ 1 = 6.94

சோதனையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

10.36 கிராம் காரீயம் முழுவதும் காரீய மோனாக்சைடாக மாறினால் எடை 11.16 கிராம் ஆகும். கூடிய 0.8 கிராம்தான் ஆக்சிஜன். (10.36 ÷ 0.8) × 8 = 103.6. அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: காரீய டைஆக்சைடில் இணைதிறன் 4 என்பதால், அங்கே சமான எடை 51.8. எனவே யாராவது ‘காரீயத்தின் சமான எடை என்ன?’ என்று கேட்டால், ‘எந்த வினையில்?’ என்று திருப்பிக் கேளுங்க.

பேட்டரிக்கு என்ன சம்பந்தம்?

1830-களில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி இது: எந்த உலோகமாக இருந்தாலும், ஒரு சமான எடை வினைபுரியும்போது கிடைக்கும் மின்னூட்டம் ஒன்றுதான். அது 96,485 கூலும், அதாவது 26.8 ஆம்பியர்-மணி.

எனவே ஒரு ஆம்பியர்-மணிக்குக் காரீயம் 3.87 கிராம் வேண்டும். லித்தியம் 0.26 கிராம் போதும். சுமார் 15 மடங்கு வித்தியாசம்.

12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி கார் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அதில் 6 செல்கள். ஒவ்வொரு செல்லிலும் நேர், எதிர் தகடுகள் இரண்டிலும் தலா 135 கிராம் காரீயம் வினைபுரிய வேண்டும். மொத்தம் சுமார் 1.6 கிலோ. தகடுகளின் சட்டம், அமிலம், வினைபுரியாமல் தங்கும் காரீயம் எல்லாம் சேரும்போது பேட்டரியின் எடை பல மடங்காகிறது.

அப்போ லித்தியம் பேட்டரி 15 மடங்கு லேசா?

இல்லை. லித்தியம்-அயனி செல்லில் லித்தியம் தனி உலோகமாக இருப்பதில்லை. அதைத் தாங்க கிராஃபைட்டும் உலோக ஆக்சைடும், மின்சாரத்தைக் கடத்த செம்பு, அலுமினியத் தகடுகளும் வேண்டும். ஆனால் காரீய செல் 2 வோல்ட் தரும் இடத்தில் இது சுமார் 3.7 வோல்ட் தரும். எல்லாம் கழித்துக் கூட்டினால், ஒரு கிலோவுக்குக் காரீய பேட்டரி சுமார் 30 முதல் 40 வாட்-மணி, லித்தியம்-அயனி செல் சுமார் 150 முதல் 250 வாட்-மணி.

வீட்டு இன்வெர்ட்டர் ஓரிடத்தில் நிற்கிறது, அதற்குக் கனம் பிரச்சினை இல்லை. காரீயம் மலிவு, மறுசுழற்சியும் எளிது. மின்சார ஸ்கூட்டரோ தன் பேட்டரியையும் சுமந்து ஓட வேண்டும். அமர ராஜாவே 2022-ல் தெலங்கானாவில் லித்தியம் செல் ஆலைக்கு 10 ஆண்டுகளில் 9,500 கோடி ரூபாய் முதலீட்டை அறிவித்ததை, இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.