நல்லெண்ணெயும் நடை தளர்ந்த பிள்ளைகளும்

மலைநாட்டின் வரலாறு என்று நாம் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் துரைமார், கங்காணிமார், தொழிற்சங்கங்கள், பறிபோன வாக்குரிமை, கப்பலேறிப் போனவர்கள் பற்றியதுதான். லயக் காம்பராக்களுக்குள் வந்து போன நோய்களுக்கு அதில் இடமில்லை. பதுளையில் பிறந்து, ஊவாவின் தோட்டங்களோடு பழகி வளர்ந்தவன் என்ற வகையில் அப்படி விடுபட்ட ஒரு பக்கத்தை இங்கே எழுத விரும்புகிறேன்.

1977, 78 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டின் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் இளம் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கைகால் வழங்காமற் போனது. தொகை இருபதுக்குச் சற்று மேல். காலத்தையும் கவனிக்க வேண்டும். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1977 ஆகஸ்டில் இனக்கலவரம். இத்தனைக்கும் நடுவில் இருபது குமருகளின் கால் யார் கண்ணுக்குப் பட்டிருக்கும்? பட்டது என்பதே ஆச்சரியம்.

நடை தள்ளாடினால் நாம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்வோம். வைத்தியர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் 'அட்டாக்ஸியா' என்பது கிரேக்கச் சொல். ஒழுங்கின்மை என்று பொருள். தசையில் பலமிருக்கும், ஆனால் அசைவுகள் ஒன்றோடொன்று இசையாது. சிறுமூளை பழுதுபட்டால் கால்களை அகட்டி வைத்து நடப்பார்கள், பேச்சுக் குழறும், கண்மணி ஆடும். மது, பக்கவாதம், கட்டி, பரம்பரைக் கோளாறு எனக் காரணங்கள் பல. பாதம் தரையில் இருக்கும் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு கெட்டால் வேறுவிதம்: கண் திறந்திருக்கும்வரை நிற்பார்கள், மூடினால் சரிவார்கள். ஜேர்மனிய வைத்தியர் றொம்பேர்க்கின் பெயரால் இன்றும் நடக்கும் சோதனை அதுதான். பலமே குன்றிப்போய்ப் பாதம் தொங்கினால், முழங்காலை உயர்த்திப் பாதத்தைத் தட்டென்று போட்டு நடப்பார்கள். பார்ப்பவருக்கு இதுவும் தள்ளாட்டம்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வந்தது இந்தக் கடைசி வகை, நரம்பு நோய்.

புதிர் என்னவென்றால், ஏன் பெண்பிள்ளைகள் மட்டும்? அதே லயத்தில், அதே பீலித் தண்ணீரைக் குடித்து, அதே ரொட்டியைத் தின்ற அண்ணன் தம்பிகளுக்கு ஒன்றுமில்லை. காத்துக் கறுப்பு என்று சொல்ல மலைநாட்டில் எப்போதும் ஆளுண்டு; பெரியவளான பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால் சேனாநாயக்கவும் ஜெயரட்ணமும் போன வழி வேறு. அந்த வயதுப் பெண்ணுக்கு மட்டும் வீட்டில் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். விடை நல்லெண்ணெய்.

வயதுக்கு வந்த பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நமக்கும் புதிதல்ல. எங்கள் உம்மாமாரும் பச்சை முட்டையோடு அதைத்தான் பருக்கினார்கள். அன்றாடக் கறிக்குத் தேங்காயெண்ணெய். எள்ளெண்ணெய் விலை கூடிய சாமான், குமருக்கென்று வாங்கி வைப்பது. ஆகவே நஞ்சும் அவளுக்கே போய்ச் சேர்ந்தது. இடுப்புக்குப் பலம் என்று தாய் ஊட்டியதே காலைப் பறித்தது.

எண்ணெயில் கலந்திருந்தது டிரைகிரெசைல் பொஸ்பேற்று. இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படும் இரசாயனம். முன்பு கனிய எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் கலந்திருக்கலாம் என்பதே அவர்கள் கண்ட விளக்கம். 1981 இல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் கடைத்தெருவில் வெறும் பீப்பாயை யாரும் எறிந்ததுமில்லை, அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டதுமில்லை.

இந்த நஞ்சின் தந்திரம் தாமதம். குடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்தே கெண்டைக்கால் நோகும். பிறகு பாதம் தொங்கும், பிறகு கை. அதற்குள் போத்தல் காலியாகிவிடும். நீளமான நரம்புகள் நுனியிலிருந்து பின்னோக்கிச் சாகின்றன. கைகாலுக்குப் போகும் நரம்பு மெதுவாகத் திரும்ப வளரும். முள்ளந்தண்டுக்குள் கெட்டது வளராது. அதனால் பலம் திரும்பிய பிறகும் சிலருக்கு விறைப்பும் ஒழுங்கற்ற நடையும் தங்கிவிடும். சேனாநாயக்க மூன்று வருடம் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதினார். நான் மதிப்பது அந்த மூன்று வருடத்தைத்தான்.

அமெரிக்காவில் 1930 இல், மதுவிலக்குக் காலத்தில், இஞ்சிச் சாரம் என்று விற்ற சாராயத்தில் இதே நஞ்சு கலந்து பல்லாயிரம் ஏழைகளை முடமாக்கியது. 1959 இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றார்கள். ஏறத்தாழ 10,000 பேர் விழுந்தார்கள், மலிவான எண்ணெய் தேடிய நம் மார்க்கத்து ஏழைகளே அதிகம். அங்கே நடந்தது தெரிந்தே செய்த கலப்படம். நிறுவையில் மோசம் செய்வோரைச் சபிக்கும் வேதத்தை ஓதும் ஊரில் அது நடந்தது.

நஞ்சைச் சோதிக்க ஆய்வுகூடங்களில் கோழியை வைத்திருக்கிறார்கள். எலிக்கு எளிதில் தெரியாதது கோழிக்குத் தெரியும். ஊட்டிச் சில வாரங்களில் அது தள்ளாடத் தொடங்கும்.

டிரைகிரெசைல் பொஸ்பேற்று, நம் வயல்களுக்கு வந்த ஓகனோபொஸ்பரஸ் பூச்சிநாசினிகளின் இனம். 1982 இல் அதே சேனாநாயக்க, ஜோன்சன் என்பவரோடு சேர்ந்து, மெதமிடொபொஸ் அருந்திப் பிழைத்த இலங்கையருக்குப் பின்னால் வந்த இதேபோன்ற நரம்பு நோயைப் பற்றி எழுதினார். அந்த மருந்து இங்கே 1995 இல்தான் தடைசெய்யப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகளின் கால் தொங்கிப் பதினேழு வருடங்களுக்குப் பிறகு.