சுருங்கிய கருவூலமும் மாறிய தலைமையும்: இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள், 1921–2025

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் 2010க்குப் பின் எதிர்கொண்ட நிதிக்குறைப்பு, அந்நாட்டின் போருக்குப் பிந்தைய ஆட்சி வரலாற்றில் மிகக் கடுமையான ஒன்றாகும். தேசியத் தணிக்கை அலுவலகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2010–11க்கும் 2017–18க்கும் இடையில் நடுவணரசு மன்றங்களுக்கு அளித்துவந்த நிதி, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், 49.1 விழுக்காடு குறைந்தது. மன்றங்கள் தாமே திரட்டும் வரியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அவற்றின் செலவிடும் ஆற்றல் 28.6 விழுக்காடு சரிந்தது. இந்தச் சரிவின்போது மன்றங்களை வழிநடத்திய அரசியல் தலைவர்களின் பணியும் நிர்வாக அலுவலர்களின் பணியும் எவ்வாறு உருமாறின என்பதை இக்கட்டுரை வரலாற்று வரிசையில் ஆராய்கிறது. நெருக்கடிக் காலத்தில் துணிச்சலான, புதுமையான தலைமையே மன்றங்களைக் காக்கும் என்ற கருத்து பரவலாக ஏற்கப்பட்டிருந்தாலும், நிலைத்த மன்றங்களையும் நிலைகுலைந்த மன்றங்களையும் பிரித்தது தலைவரின் துணிச்சல் அன்று. தலைவரின் முடிவைக் கேள்வி கேட்கும் அமைப்புகள் அங்கே உயிரோடு இருந்தனவா என்பதே அவற்றைப் பிரித்தது; இதுவே இக்கட்டுரையின் வாதம்.

மறுப்பிலிருந்து மேலாண்மைக்கு

பணம் போதாதபோது ஓர் உள்ளாட்சித் தலைவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்த புகழ்பெற்ற விடை, மறுப்பு ஆகும். கிழக்கு லண்டனின் வறுமை மிகுந்த பகுதியான பாப்ளரின் மன்றம், 1921இல் ஜார்ஜ் லான்ஸ்பரியின் தலைமையில், லண்டன் மாநகர் முழுமைக்குமான மேல் அமைப்புகளுக்காக வசூலித்துத் தர வேண்டிய வரியை வசூலிக்க மறுத்தது. 30 உறுப்பினர்கள் சிறைக்குச் சென்றனர். அதன் விளைவாக, ஏழைகளுக்கான நிவாரணச் செலவை லண்டனின் செல்வந்தப் பகுதிகளும் பகிர்ந்துகொள்ள வகைசெய்யும் சட்டம் அதே ஆண்டில் இயற்றப்பட்டது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு சூழல் மாறியிருந்தது. 1972இல் வெளியான பெயின்ஸ் குழு அறிக்கை, சட்ட ஆலோசகராகவும் எழுத்தராகவும் விளங்கிய பழைய நகரச் செயலாளர் பதவியின் இடத்தில், எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைக்கும் தலைமை நிர்வாக அலுவலர் என்ற பதவியைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டின் மாநகராட்சி ஆணையர் மாநில அரசால் அனுப்பப்படுபவர் என்றால், இங்கிலாந்தின் தலைமை நிர்வாக அலுவலரோ மன்றமே தேர்ந்து அமர்த்தும் ஊழியர். இப்பதவி வேரூன்றிக்கொண்டிருந்த வேளையிலேயே, வளர்ச்சிக் காலம் முடிந்துவிட்டது என்று அமைச்சர் ஆந்தனி கிராஸ்லண்ட் 1975இல் மன்றங்களுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு பிரிட்டன் பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டது.

அமெரிக்க அறிஞர் சார்லஸ் லெவின் 1978இல் எழுதிய கட்டுரை, சுருங்கும் பொது நிறுவனங்களை நிர்வகிக்கும் கலையைத் தனித் துறையாகவே அடையாளம் கண்டது. குறைப்பு மேலாண்மை என அதனைக் குறிக்கலாம். வளரும் நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் சிறிது கூடுதலாகக் கொடுத்து இசைவைப் பெற முடியும். சுருங்கும் நிறுவனத்தில் அதற்கு வழியில்லை என்பது அவரது அடிப்படைக் கருத்து. அதைவிட முக்கியமானது அவர் சுட்டிய முரண்: ஒரு நிறுவனத்தில் பணம் இருக்கும்போது கணக்கிடவும் ஆராயவும் வல்ல ஊழியர்கள் இருப்பார்கள், ஆனால் அவர்கள் பெரிதாகத் தேவைப்படமாட்டார்கள், பணம் குறைந்து அவர்கள் மிகவும் தேவைப்படும்போதோ அவர்களே முதலில் வெட்டப்பட்டிருப்பார்கள் அல்லது விலகிச் சென்றிருப்பார்கள். 2010க்குப் பிந்தைய இங்கிலாந்தின் வரலாறு இந்த முரணின் விரிவுரை போலவே அமைந்தது.

இதற்கிடையில் மறுப்பின் பாதை அடைபட்டது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் மன்றங்கள் விதிக்கும் வரிக்கு உச்சவரம்பு விதிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தபோது, லிவர்பூல், லாம்பெத் மன்றங்கள் 1985இல் உரிய காலத்தில் வரியை நிர்ணயிக்க மறுத்தன. லிவர்பூலில் 47 உறுப்பினர்கள் இழப்பீடு செலுத்தும்படி ஆணையிடப்பட்டுப் பதவியும் இழந்தனர். பாப்ளரில் சட்டத்தை மாற்றிய போராட்ட வடிவம் லிவர்பூலில் தோற்றதால், அடுத்த தலைமுறைத் தலைவர்கள் வெட்டை எதிர்ப்பதைவிட, வெட்டின் காயத்தைக் குறைப்பதையே தங்கள் கடமையாகக் கருதத் தொடங்கினர்.

2010: குறைந்த பணமும் குறையாத கடமையும்

நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2010 அக்டோபரில் அறிவித்த செலவினத் திட்டத்தில் பெரும் சுமை உள்ளாட்சிகளின் மேல் இறங்கியது. இச்சுமை எல்லா ஊர்களிலும் சமமாக விழவில்லை. சொத்து மதிப்பு குறைவான, ஏழைகள் மிகுந்த நகரங்கள் அரசு மானியத்தையே பெரிதும் நம்பியிருந்ததால், மானியம் குறைந்தபோது அவையே அதிகம் இழந்தன. ஆனெட் ஹேஸ்டிங்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிகவும் பின்தங்கிய பகுதிகளின் மன்றங்களில் ஆளுக்கு 220 பவுண்டுக்கு மேல் குறைந்தபோது, மிகவும் வசதியான பகுதிகளில் அது 40 பவுண்டுக்கும் குறைவாகவே இருந்தது.

2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம் என்ற பொது அதிகாரத்தை மன்றங்களுக்கு வழங்கியது. அதே சட்டம், குடியிருப்பு வரியை அரசு குறித்த அளவுக்கு மேல் உயர்த்த விரும்பும் மன்றம் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றும் விதித்தது. தொழில் தொடங்கவும் முதலீடு செய்யவும் உரிமை கிடைத்தது. வழக்கமான வரி வருவாயை உயர்த்தும் உரிமை சுருங்கியது. இந்த இரட்டைத் தன்மை பின்னாளில் பல மன்றங்களை ஆபத்தான வழிகளுக்குத் தள்ளியது.

கடமைகள் மட்டும் குறையவில்லை. முதியோர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற குழந்தைகள் ஆகியோரின் பராமரிப்பு மன்றங்களின் சட்டப்படியான பொறுப்பு என்பதால் அதனைப் பெரிதாக வெட்ட முடியவில்லை. தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி, 2010–11 முதல் 2016–17 வரை பராமரிப்புச் செலவு 3 விழுக்காடு மட்டுமே குறைந்தபோது, திட்டமிடல்–வளர்ச்சிப் பணிகளின் செலவு 52.8 விழுக்காடும், சாலை–போக்குவரத்துச் செலவு 37.1 விழுக்காடும், நூலகம் உள்ளிட்ட பண்பாட்டுச் செலவு 34.9 விழுக்காடும் குறைந்தன. வடக்கு லண்டனின் பார்னெட் மன்றம் வரைந்த ஒரு வரைபடம், இதே போக்கு நீடித்தால் சில ஆண்டுகளில் பராமரிப்புச் செலவே மொத்த வரவையும் விழுங்கிவிடும் எனக் காட்டியது. அழிவின் வரைபடம் என்ற பெயரில் அது நாடு முழுவதும் மன்றக் கூட்டங்களில் காட்டப்பட்டது.

முதல் கட்டம்: இணைப்பும் பகிர்வும்

தொடக்க ஆண்டுகளில் தலைமைகள் கையாண்ட வழி நிர்வாகச் செலவைக் குறைப்பதாக இருந்தது. இடைநிலை மேலாளர் பதவிகள் நீக்கப்பட்டன. அண்டை மன்றங்கள் ஒரே தலைமை நிர்வாக அலுவலரைப் பகிர்ந்துகொண்டன. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன்–செல்சி, ஹாமர்ஸ்மித்–ஃபுல்ஹாம் மன்றங்கள் 2011 முதல் பல துறைகளை இணைத்து நடத்தின. அவ்வாண்டுகளை ஆராய்ந்த விவியன் லவுண்ட்ஸும் கெரி மெக்காகியும் 2013இல் எழுதிய கட்டுரையில், கையில் கிடைத்த பழைய ஏற்பாடுகளைப் புதிய வகையில் கோத்துப் பயன்படுத்தும் அலுவலர்களின் திறன் மன்றங்களைத் தாக்குப்பிடிக்க வைத்ததைக் குறிப்பிட்டனர். ஆனால் நீக்கப்பட்ட பதவிகளோடு நினைவாற்றலும் போயிற்று. ஓர் ஒப்பந்தம் ஏன் அப்படி எழுதப்பட்டது, ஒரு திட்டம் முன்பு ஏன் கைவிடப்பட்டது என்பவற்றை அறிந்தவர்கள் வெளியேறினர்.

இரண்டாம் கட்டம்: மூன்று விடைகள்

எளிதாக வெட்டக்கூடியவை தீர்ந்தபின், மன்றம் என்பது எதற்காக என்ற கேள்வியே எழுந்தது. அதற்கு மூன்று வகையான விடைகள் உருவாயின.

முதலாவது, வெளியாருக்கு ஒப்படைத்தல். பார்னெட் மன்றம் 2013இல் தன் அலுவலகப் பணிகளிலும் ஒழுங்குமுறைப் பணிகளிலும் பெரும்பகுதியை நீண்டகால ஒப்பந்தங்களின் வழியே கேப்பிட்டா என்ற தனியார் நிறுவனத்திடம் அளித்தது. பின்னாளில் அப்பணிகளில் பெரும்பாலானவற்றை மன்றமே திரும்ப ஏற்றது.

இரண்டாவது, குடிமக்களோடான உறவைத் திருத்தியமைத்தல். வடமேற்கின் பழைய சுரங்கத் தொழில் நகரான விகனில், நீண்ட காலம் மன்றத் தலைவராக இருந்த பீட்டர் ஸ்மித்தும் தலைமை நிர்வாக அலுவலர் டானா ஹாலும் முன்னின்று வளர்த்த விகன் உடன்படிக்கை, மன்றம் தன் பங்கைச் செய்யும், மக்கள் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும் என்ற வெளிப்படையான பேச்சாக அமைந்தது. பராமரிப்பு ஊழியர் ஒரு முதியவரைச் சந்திக்கும்போது, அவருக்கு எந்தெந்தச் சேவைகள் தேவை என்ற படிவத்தை நிரப்புவதற்கு முன், அவரால் எதைச் செய்ய முடியும், எதில் அவருக்கு ஈடுபாடு, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கப் பயிற்றுவிக்கப்பட்டார். முடிவெடுக்கும் உரிமை களப்பணியாளரிடம் இறங்கியது. கிங்ஸ் ஃபண்ட் ஆய்வு நிறுவனம் 2019இல் இம்முயற்சியை விரிவாக மதிப்பிட்டது. மாறாத அரசியல் தலைமை பல ஆண்டுகள் நீடித்ததால் விளைந்த பயன் இது. ஓராண்டுத் திட்டமாக இதைப் பிற ஊர்கள் நகலெடுக்க முடியாது.

மூன்றாவது, உள்ளூர்ப் பொருளாதாரத்தைக் கருவியாக்கல். பிரஸ்டன் நகரில் ஏறத்தாழ 70 கோடி பவுண்டு மதிப்பிலான வணிக வளாகத் திட்டம் 2011இல் கைவிடப்பட்டபின், மன்ற உறுப்பினர் மேத்யூ பிரவுன் முதலியோர், வெளி முதலீட்டுக்குக் காத்திராமல், ஊரில் வேரூன்றிய மன்றம், பல்கலைக்கழகம், காவல்துறை, கல்லூரிகள் ஆகியவற்றின் கொள்முதலை ஊருக்குள் திருப்ப முனைந்தனர். இதில் பங்கேற்ற லங்காஷயர் மாவட்ட மன்றம், பள்ளி உணவு ஒப்பந்தத்தைத் தயிர், முட்டை, பாலாடைக்கட்டி எனத் தனித்தனிச் சிறு ஒப்பந்தங்களாகப் பிரித்தது. முழு ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்க வலுவில்லாத உள்ளூர் வணிகர்கள் அப்பகுதிப் பண்ணைகளின் விளைபொருளோடு போட்டியிட முடிந்தது. இந்நிறுவனங்களின் கொள்முதலில் பிரஸ்டனுக்குள் செலவான பங்கு 2012–13இல் 5 விழுக்காடாக இருந்து 2016–17இல் 18.2 விழுக்காடாக உயர்ந்தது. வெட்டை இது ஈடுசெய்யவில்லை. ஆனால் எஞ்சிய பணத்தின் பயனைப் பெருக்கியது.

மூன்றாம் கட்டம்: வணிகத் துணிவும் வீழ்ச்சியும்

இவற்றுக்கு இணையாக ஆபத்தான மற்றொரு வழியும் விரிந்தது. அரசின் பொதுப்பணிக் கடன் வாரியத்திடம் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி, அங்காடி வளாகங்களும் அலுவலகக் கட்டடங்களும் வாங்கி, வாடகைக்கும் வட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு சேவைகளை நடத்த மன்றங்கள் முயன்றன. 2016–17 முதல் 2018–19 வரையிலான 3 ஆண்டுகளில் மட்டும் வணிகச் சொத்துகளில் அவை 660 கோடி பவுண்டு முதலிட்டன. சர்ரி மாவட்டத்தின் சிறிய மன்றமான வோக்கிங், அடிப்படை நிதியாக ஆண்டுக்கு 1.6 கோடி பவுண்டு மட்டுமே பெற்ற நிலையில், நகர மையக் கட்டுமானத்துக்காக வாங்கிய கடன்களால் 120 கோடி பவுண்டு பற்றாக்குறையை எதிர்நோக்குவதாக 2023 ஜூனில் அறிவித்தது.

அவ்வறிவிப்பு, 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி வெளியிடப்படுவது. செலவு வரவை மிஞ்சப்போகிறது எனக் கருதும் தலைமை நிதி அலுவலர், எவருடைய அனுமதியும் இன்றி அதை வெளியிடக் கடமைப்பட்டவர். வெளியிட்டவுடன் புதிய செலவுகள் நிறுத்தப்படும். 21 நாட்களுக்குள் முழு மன்றமும் கூடி விடை காண வேண்டும். ஓர் அலுவலர் தன் எசமானர்களுக்கு எதிராகவே பயன்படுத்த வேண்டிய அதிகாரம் இது. ஏறக்குறைய இருபதாண்டுகளாகப் பயன்படாதிருந்த இப்பிரிவை 2018 பிப்ரவரியில் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்ட மன்றம் உயிர்ப்பித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அம்மன்றம் 5.3 கோடி பவுண்டுச் செலவில் கட்டிய புதிய தலைமையகத்துக்குக் குடிபுகுந்திருந்தது.

அரசு அனுப்பிய ஆய்வாளர் மேக்ஸ் காலர் 2018 மார்ச்சில் அளித்த அறிக்கை, நிதிக்குறைப்பு மட்டுமே நார்தாம்ப்டன்ஷயரின் வீழ்ச்சிக்குக் காரணம் என்ற விளக்கத்தை ஏற்கவில்லை. அத்தகைய வெட்டைப் பிற மாவட்ட மன்றங்களும் சந்தித்திருந்தன. இங்கோ ஒருமுறை மட்டுமே கிடைக்கும் சொத்து விற்பனைப் பணம் அன்றாடச் செலவுக்கு ஈடாக்கப்பட்டது. பணிகளை வெளி அமைப்புகளுக்குப் பிரித்தளிக்கும் பெருந்திட்டம் உரிய கணக்கின்றி முன்னெடுக்கப்பட்டது. விளக்கம் கேட்ட உறுப்பினர்களுக்கு அப்படிக் கேட்கக் கூடாது என்றே சொல்லப்பட்டது. அம்மன்றம் திருத்த முடியாதது என்ற முடிவின்படி, 2021 ஏப்ரலில் அது கலைக்கப்பட்டு இரு புதிய மன்றங்கள் உருவாயின.

லண்டனின் கிராய்டன் மன்றத்தில் 2020இல் நிகழ்ந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. தானே உருவாக்கிய வீட்டுவசதி நிறுவனத்துக்கு ஏறத்தாழ 20 கோடி பவுண்டு கடன் கொடுத்த மன்றம், எதிர்பார்த்த வருவாய் வராதபோதும் கேள்வி எழுப்பவில்லை என்றும், நிர்வாகம் முழுவதுமே கூட்டாகக் கண்மூடியிருந்தது என்றும் தணிக்கையாளர்கள் கண்டித்தனர். நார்தாம்ப்டன்ஷயரைப் பழமைவாதக் கட்சியும் கிராய்டனைத் தொழிற்கட்சியும் ஆண்டன என்பது, குறை கட்சியில் இல்லை என்பதற்குச் சான்று.

இங்கேதான் லெவின் சுட்டிய முரண் முழுமையாக விளங்குகிறது. 1983 முதல் மன்றங்களின் தணிக்கையாளர்களை நியமித்தும் அவற்றின் செயல்பாட்டை ஒப்பிட்டும் வந்த தணிக்கை ஆணையத்தைக் கலைக்கப்போவதாக அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் 2010 ஆகஸ்டில் அறிவித்தார். 2015 மார்ச்சில் அது மூடப்பட்டது. அதன் தணிக்கைப் பணி முழுவதும் சில தனியார் நிறுவனங்களிடம் சென்றது. 2022–23ஆம் ஆண்டுக் கணக்குகளில் உரிய காலத்துக்குள் தணிக்கை முடிந்தவை 1 விழுக்காடு மட்டுமே. மன்றங்கள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கடன்பட்டுத் துணிந்த அதே ஆண்டுகளில், அந்தத் துணிவை அளந்து எச்சரிக்க வேண்டிய கண்கள் மூடப்பட்டன.

முடிவு

தலைமைத் திறனால் மட்டும் நிதிக்குறைப்பை வெல்ல முடியும் என்பதற்கு இவ்வரலாற்றில் சான்று இல்லை. 2025 பிப்ரவரியில் 30 மன்றங்கள் அரசின் சிறப்பு நிதி உதவியைப் பெற்றன என்பது, தவறு தனிமனிதர்களைத் தாண்டிய அமைப்பிலும் இருப்பதைக் காட்டுகிறது. கடமையை நிலையாக வைத்து வரவை மட்டும் வெட்டும் கொள்கைக்கு எந்த நிர்வாகியும் முழுத் தீர்வு தர இயலாது. எனினும், ஒரே வகையான வெட்டைச் சந்தித்த மன்றங்களில் சில ஒழுங்காகச் சுருங்கின, சில நொறுங்கின என்ற வேறுபாடு விளக்கம் கோருகிறது. விகனிலும் பிரஸ்டனிலும் தலைமை, களப்பணியாளரின் அறிவையும் ஊரின் பிற நிறுவனங்களின் ஒத்துழைப்பையும் சார்ந்து நடந்தது. எனவே ஒவ்வொரு முடிவும் பலர் பார்வையில் எடுக்கப்பட்டது. நார்தாம்ப்டன்ஷயரிலும் கிராய்டனிலும் முடிவு ஒரு சிறு வட்டத்துக்குள் எடுக்கப்பட்டு, ஐயம் எழுப்புவது விசுவாசமின்மையாகக் கருதப்பட்டது.

2024 டிசம்பரில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, மாவட்ட மன்றம், அதனுள் சிறு மன்றங்கள் என அமைந்த இரண்டடுக்கு மன்றங்களை ஏறக்குறைய 5 லட்சம் மக்கள்தொகை கொண்ட பெரிய ஓரடுக்கு மன்றங்களாக இணைக்கத் திட்டமிடுகிறது. அளவு பெருகினால் செலவு குறையக்கூடும். ஆனால் நிதி அலுவலரின் சுதந்திரத்துக்கும் எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்விக்கும் காலத்தில் முடியும் தணிக்கைக்கும் இடமில்லையெனில், பெரிய மன்றம் பெரிய கடனையே விளைவிக்கும். சிக்கனக் காலத்தில் வெட்டத் தகாத முதல் செலவு, தலைவரிடம் முடியாது என்று சொல்லவல்ல அலுவலருக்கான ஊதியமே என்பதை இந்நூற்றாண்டு வரலாறு தெளிவாக நிறுவுகிறது.