பின்சீட்டு யாருக்கு? ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு குழந்தையின் இடம்

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கும் நேயர் ஒருவர் அனுப்பியிருந்தார். பழைய போர்ஷே 911 கேப்ரியோலே ஒன்று, அதாவது கூரையை மடக்கிவிடலாம் என்கிற ரகம், அவருக்கு நல்ல விலைக்கு வருகிறதாம். ஐந்து வயதில் ஒரு மகள். "பின்னாடி ரெண்டு சீட் இருக்குண்ணா, பாப்பா உக்காந்துப்பா. ஆனா எத்தனை வருஷம் தாங்கும்?" என்பது கேள்வி. அவர் மனைவிக்கு அந்த 'உக்காந்துப்பா'விலேயே சந்தேகமாம்.

நான் கார் விமர்சகன் இல்லைங்க. ஆனா இந்தக் கேள்விக்குள்ள ஒரு நல்ல வரலாறு இருக்கு. ஸ்போர்ட்ஸ் காரில் பின்னால் இருக்கும் அந்த இரண்டு குட்டி இருக்கைகள் யாருக்காக வந்தன? குழந்தைக்காக என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது அப்பாவுக்காக வைத்த சீட். வீட்டில் "நாலு பேர் போகலாம்" என்று சொல்லி காரை வாங்க அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1920, 30களின் திறந்த கார்களில் ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும்தான் கூரைக்குக் கீழே. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் காரின் வாலில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் அதுவே முதுகுச் சாய்மானம், உள்ளே ஒரு மெத்தை. மழை, தூசி, புகை எல்லாம் அவர்களுக்குத்தான். அமெரிக்காவில் அதற்கு ரம்பிள் சீட் என்று பெயர். ஜெர்மானியர்கள் 'மாமியார் சீட்' என்றே பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர்கள் சொன்னது டிக்கி சீட். ஆமாங்க, நம்ம டிக்கிதான். சீட் போய்விட்டது, பெட்டி வைக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. "டிக்கியில போட்டுடு" என்று சூட்கேஸைப் பற்றிச் சொல்கிறோமே, ஒரு காலத்தில் அங்கே மனிதர்கள் உட்கார்ந்து போனார்கள்.

பின்சீட்டுக்கு வியாபார பலம் உண்டு என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியது ஃபோர்டு. 1955இல் வந்த தண்டர்பேர்டு இரண்டு பேர் மட்டும் போகும் கார். அழகு, ஆனால் விற்பனை ஓரளவுதான். 1957இல் சுமார் 21,000 கார்கள் போயின. அப்போது ஃபோர்டில் மேலே வந்துகொண்டிருந்த ராபர்ட் மெக்னமாரா, பின்னாளில் வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர், நான்கு சீட் வேண்டும் என்று நின்றார். 1958இல் நான்கு சீட் தண்டர்பேர்டு வந்தது. அந்த வருடமே சுமார் 38,000. 1960இல் 90,000ஐத் தாண்டியது. ரசிகர்கள் இன்றுவரை அந்த முதல் குட்டி தண்டர்பேர்டை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். கம்பெனிக்குப் பெருமூச்சு விட நேரமில்லை.

ஆனால் தண்டர்பேர்டு ஊதிப் பெரிதாகி, ஸ்போர்ட்ஸ் கார் என்பதையே விட்டுவிட்டது. சின்னதாகவே இருக்கணும், பின்சீட்டும் வேணும்னா என்ன பண்றது? அந்தத் தலைவலி போர்ஷேக்கு வந்தது.

1950களின் கடைசி. போர்ஷே 356க்கு வயதாகிவிட்டது. அதிலேயே பின்னால் மடக்கக்கூடிய இரண்டு சின்ன இருக்கைகள் உண்டு. புதிய காருக்கான வரைவுகளில் ஒன்றை நிறுவனத் தலைவர் ஃபெர்ரி போர்ஷேயின் மகன் ஃபெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் செய்தார். டி7 என்று அந்த மாதிரிக்குப் பெயர். அதன் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலுள்ள தூரம், சுமார் 2.4 மீட்டர். பின்னால் பெரியவர்களும் ஒரு மாதிரி உட்காரலாம். ஃபெர்ரி வேண்டாம் என்றார். நான்கு பேர் வசதியாகப் போக வேண்டுமானால் அதே ஊரில் மெர்சிடிஸ் இருக்கிறது. நாம் செய்வது ஸ்போர்ட்ஸ் கார் என்பது அவருடைய கணக்கு. வீல்பேஸ் 2.2 மீட்டர் அளவில் நிற்க வேண்டும், பின்னால் 2+2 போதும் என்று முடிவானது. 1963 செப்டம்பரில் ஃப்ராங்ஃபர்ட் கண்காட்சியில் வந்த 911இன் வீல்பேஸ் 2,211 மில்லிமீட்டர்.

அந்த வித்தியாசத்தைக் கவனிங்க. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். ஒரு அடி ஸ்கேலின் முக்கால்வாசிக்கும் குறைவு. பின்சீட்டில் உட்காருபவரின் முழங்காலும் தொடையும் பெரும்பாலும் அந்த 20 சென்டிமீட்டருக்குள்தான் இருந்தன. ஃபெர்ரிக்கு நான்கு மகன்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குழந்தை என்றால் என்ன அளவு என்று தெரியாத மனிதர் இல்லை. தெரிந்தேதான் வெட்டினார். காரின் அழகுக்கும் ஓட்டத்துக்கும் அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அது குழந்தைக்காக எடுத்த முடிவு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கூரை மடங்கும் கார் என்றால் சிக்கல் இன்னும் கூடும். ஜாகுவார் இ-டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் இரண்டு சீட் காராக வந்தது. 1966இல் 'குடும்பம் வைத்திருக்கிறோமே' என்றவர்களுக்காக வீல்பேஸை 9 அங்குலம் நீட்டி 2+2 செய்தார்கள். நிலையான கூரை உள்ள கார் மட்டுமே அப்படி வந்தது. திறந்த கார் கடைசிவரை இரண்டு சீட்தான். காரணம் எளிது. கூரையை மடக்கினால் அது எங்காவது போய் உட்கார வேண்டும். அது தேடும் இடம் பின்சீட்டின் முதுகும் இரு தோள்பக்கமும்தான். 911க்கும் முழுதாகக் கூரை மடங்கும் கேப்ரியோலே 1982 வரை வரவில்லை. வந்தபோது பின்சீட் இருந்தது. ஆனால் சாய்மானம் கிட்டத்தட்ட செங்குத்து.

சரி, அந்தக் காலத்துக் குழந்தை அதில் எப்படிப் போனது? சௌகரியமாகவே போனது. ஏனென்றால் அதைக் கட்டிவைக்கவில்லை. கைக்குழந்தை தொட்டிலோடு சீட்டில் கிடக்கும். மூன்று வயதுப் பிள்ளை முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி நிற்கும். பத்து வயதுக்காரன் காலைக் குறுக்கே போட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்காருவான். அந்தப் பெற்றோரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அப்பாவோட ஸ்கூட்டர்ல முன்னாடி நின்னுக்கிட்டு, ஹேண்டில்பாரைப் பிடிச்சு வளர்ந்த தலைமுறை நாம. 1930களில் விற்ற குழந்தை இருக்கைகள்கூடப் பாதுகாப்புக்காக வந்தவை இல்லை. பிள்ளை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கட்டும், ஓட்டுபவரைத் தொந்தரவு செய்யாமல் ஓரிடத்தில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மாற்றியது ஸ்வீடன். 911 வந்த அதே காலகட்டத்தில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகு முழுவதும் தாங்கும்படி படுத்திருப்பதைக் கவனித்தார். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். அந்தக் கனத்தைத் தாங்கும் வலு கழுத்துக்கு இல்லை. கார் முன்னால் மோதும்போது தலை முன்னோக்கி வீசப்படும். குழந்தையைப் பின்னோக்கித் திருப்பி உட்காரவைத்தால், அந்த வேகத்தை முதுகு முழுக்க வாங்கிக்கொள்ளும். 1964இல் இந்த வகை இருக்கையின் முதல் மாதிரியைச் சோதித்தார்கள். 1972இல் வால்வோ அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970களின் பின்பாதியில், பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைத்து பெல்ட் கழுத்தில் ஏறாமல் தோளில் படியவைக்கும் பூஸ்டரும் வந்தது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்காவில் முதன்முதலில் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய மாநிலம் டென்னசி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் போராடியதில் 1977இல் சட்டம் நிறைவேறி, 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஒரு ஓட்டை வைத்தார்கள்: பெரியவர் மடியில் குழந்தையை வைத்திருந்தால் போதும் என்று. மோதும்போது அந்தப் பெரியவரின் எடையே குழந்தையை நசுக்கும் என்று அந்த மருத்துவர் சொல்லிச் சொல்லி, 1981இல்தான் அது நீங்கியது. 1985க்குள் எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் ஏதோ ஒரு குழந்தை இருக்கைச் சட்டம் இருந்தது.

இப்ப 2+2 பின்சீட்டுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. காரின் அளவு பெரிதாக மாறவில்லை. குழந்தையும் அதே குழந்தைதான். ஆனால் குழந்தையோடு சேர்ந்து வரும் சாமான் பெரிதாகிவிட்டது. பின்னோக்கிய இருக்கைக்கு நீளம் வேண்டும். அது முன்சீட்டின் முதுகில் முட்டும். முன்சீட்டை நகர்த்தினால் அங்கே உட்காருபவரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும்.

இந்த மோதலுக்கு ஒரு எண்ணே இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த எண். 1990களில் அமெரிக்காவில், முன்சீட்டில் பின்னோக்கி வைத்த குழந்தைகளை ஏர்பேக் தாக்கி உயிரிழப்புகள் நேர்ந்தன. குழந்தையைப் பின்னால் வையுங்கள் என்றார்கள். பின்னால் இடமே இல்லாத காருக்கு? அதற்கு மட்டும், முன்பக்க ஏர்பேக்கை அணைக்கும் சுவிட்ச் வைக்கலாம் என்று 1995இல் விதியைத் திருத்தினார்கள். 'இடமில்லை' என்பதற்கு அளவு சொல்லியாக வேண்டுமே? முன்சீட் முதுகின் பின்புறத்திலிருந்து பின்சீட் சாய்மானத்தின் முன்புறம் வரை 720 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இடமில்லை என்று எழுதினார்கள். பல பத்தாண்டுகளாக 'குழந்தைகளுக்கு' என்று விற்கப்பட்ட சீட்டுகளுக்கு, அரசாங்கமே டேப் வைத்து அளந்து 'குழந்தைக்கு இடமில்லை' என்று எழுதிக்கொடுத்தது இப்படித்தான்.

அந்தப் பக்கம் கைக்குழந்தை அடிபட்டுப் போனது என்றால், இந்தப் பக்கம் பெரிய பிள்ளையும் நழுவுகிறது. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை உரிய இருக்கை வேண்டும். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர். சராசரிக் குழந்தை 135ஐத் தொடுவது ஒன்பது, பத்து வயதில். பூஸ்டரில் உட்கார்ந்தால் தலை இன்னும் மேலே போகும்; கூரையை மூடினால் துணி உச்சந்தலையைத் தொடும். கால் வேறு நீண்டுகொண்டே இருக்கும். முன்பு கைக்குழந்தையிலிருந்து பத்து வயதுவரை 'தாங்கிய' அதே சீட்டுக்கு இன்று மிஞ்சுவது ஏறத்தாழ நான்கு முதல் எட்டு வயது.

காற்றையும் சொல்லணும். கூரை திறந்த காரில் கண்ணாடிக்கு மேலே ஏறும் காற்று, பின்னால் போய்ச் சுழன்று இறங்கும். அதன் முழு அடியும் பின்சீட்டில் இருப்பவரின் முகத்தில். இதைத் தடுக்க ஒரு வலைத்தடுப்பு உண்டு. அதை எங்கே மாட்டுவார்கள்? பெரும்பாலான 2+2 கார்களில் பின்சீட்டின் மேலேயே! முன்னால் இருக்கும் இருவருக்குத் தலைமுடி கலையாது. பின்னால் யாரும் உட்கார முடியாது. பின்சீட்டுக்காரரையும் நினைத்து மெர்சிடிஸ் 2010இல் இ-கிளாஸ் கேப்ரியோலேயில் கண்ணாடியின் மேல்விளிம்பே எழும்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆனால் அது உண்மையிலேயே நான்கு பேர் போகும் கார்.

நம் ஊரிலும் சட்டம் வந்துவிட்டது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் போகிற காட்சியை நேற்றும் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

ஸ்டுட்கார்ட் நண்பருக்கு வருகிறேன். பாப்பாவுக்கு அஞ்சு வயசுன்னா, அந்தச் சின்ன ஜன்னலுக்குள்ளதான் இருக்கா. மூன்று வருடம் கிடைக்கலாம், நீங்கள் உயரமானவர் என்றால் இன்னும் குறையும். கார் பார்க்கப் போகும்போது பாப்பாவையும், அவள் இப்போது உட்காரும் அதே இருக்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டுநர் சீட்டை உங்கள் காலுக்கு ஏற்றபடி வையுங்கள், விற்பவர் நகர்த்திக் காட்டும் இடத்தில் வேண்டாம். இருக்கை ஆடாமல் பொருந்துகிறதா, பெல்ட்டின் நீளம் போதுமா, அந்த மாடலின் கையேடு பின்சீட்டில் அந்த வகை இருக்கையை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். கூரையை மூடிவிட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெயில் நாளில் திறந்து ஓட்டினால் எந்தக் காரும் பிடித்துவிடும். அந்த அரை மணி நேரமும் உங்கள் மனைவி பாப்பாவுக்குப் பக்கத்துப் பின்சீட்டில் உட்கார்ந்து வரட்டும். அவரால் உள்ளே போக முடிந்தால்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.