ஒற்றைப் பாத்தி சாட்சி ஆகாது



என்னிடம் படித்த ஒருவரின் மகள் இந்த ஆண்டு முதுநிலைச் சூழலியலில் சேர்ந்திருக்கிறாள். செடிகொடிகளைப் படிக்க வந்த இடத்தில் பாதிப் பாடம் புள்ளியியலாக இருப்பது ஏன் என்று கேட்டிருந்தாள். பலருக்கும் பயன்படும் கேள்வி என்பதால் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பென்டன் என்ற ஊரில் ரோதம்ஸ்டெட் பண்ணை இருக்கிறது. அதன் உரிமையாளர் ஜான் பென்னட் லாஸ், வேதியியலாளர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டுடன் சேர்ந்து 1843-ல் கோதுமை வயலில் உரச் சோதனையைத் தொடங்கினார். 1856-ல் ஒரு புல்வெளியையும் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகை உரம் போட்டார்கள். சிலவற்றுக்கு ஒன்றுமே போடவில்லை.

எந்த உரத்துக்கு அதிக வைக்கோல் கிடைக்கும் என்று பார்க்கத்தான் தொடங்கினார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே செடிகளின் கூட்டமே மாறத் தொடங்கியது. உரம் காணாத பாத்திகளில் சுமார் நாற்பது வகைச் செடிகள் நிலைத்தன. சுண்ணாம்பு இடாமல் அம்மோனியம் சல்பேட்டை மட்டும் அதிகமாகக் கொட்டிய இடத்தில் மண் புளித்து, காலப்போக்கில் இரண்டு மூன்று வகைப் புற்களே மிஞ்சின. அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. செடியின் பெயரோடு நிற்காமல், அது எப்படிப் பிழைக்கிறது, மண்ணுக்கும் விளைச்சலுக்கும் என்ன செய்கிறது என்று கேட்பதுதான் செயல்பாட்டுச் சூழலியல். அந்தக் கேள்விக்கு இந்தப் புல்வெளி பழைய தாய்வீடு. நம் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியிலும் 1909 முதல் இப்படி ஒரு நிரந்தர உரச் சோதனை வயல் உண்டு.

ஆனால் ரோதம்ஸ்டெட்டில் ஒரு குறை இருந்தது. பெரும்பாலும் ஓர் உரத்துக்கு ஒரு பாத்திதான். விளைச்சல் கூடியது உரத்தாலா, அந்த மூலையில் மண்ணே நல்ல மண்ணா? பிரித்துச் சொல்ல வழியில்லை.

1919-ல் அங்கே வேலைக்கு வந்தார் ரொனால்ட் ஃபிஷர். வயது 29. பல பத்தாண்டுக் கணக்கு நோட்டுகளை ஆராயத்தான் அவரை அழைத்தார்கள். விதைக்கும் முன்பு செய்யாத திட்டத்தை அறுவடைக்குப் பிறகு எந்தக் கணக்காலும் ஈடுகட்ட முடியாது என்பதை அவர் கண்டார். மூன்று விதிகளை வகுத்தார். ஒவ்வொரு உரத்தையும் பல பாத்திகளில் போடு. மண் ஒத்திருக்கும் பாத்திகளை ஒரு தொகுதியாக்கி, அதற்குள்ளேயே ஒப்பிடு. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய். நாமே தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடித்த உரம், நம்மை அறியாமலே நல்ல மண்ணுக்குப் போய்விடும். சீட்டுக்குப் பாசம் கிடையாது. 1935-ல் வந்த சோதனைத் திட்டமிடல் பற்றிய அவருடைய நூல் இதை உலகெங்கும் கொண்டுசென்றது.

ஆனாலும் சூழலியலாளர்கள் வழுக்கினார்கள். 1984-ல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட், வெளியான 176 சோதனைகளை அலசினார். அவற்றில் 27 சதவீதத்தில் போலி எண்ணிக்கை இருந்தது. அது என்ன? இரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஐம்பது மீன்கள் என்று வையுங்கள். ஒரு தொட்டியில் மட்டும் மருந்து கலக்கிறீர்கள். உங்களிடம் ஐம்பது சாட்சிகள் இல்லை, மருந்து கண்ட தொட்டி ஒன்றுதான். அந்தத் தொட்டியில் வேறு ஏதாவது கோளாறு இருந்தால் ஐம்பது மீனும் ஒரே பொய்யைத்தான் சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சீடர் க்ரீக் என்ற இடத்தில் நடந்தது. அங்கே டேவிட் டில்மன் 1982 முதல் பாத்திகளுக்குத் தழைச்சத்து கொடுத்துவந்தார். 1980-களின் இறுதியில் கடும் வறட்சி வந்தது. பலவகைச் செடிகள் இருந்த பாத்திகள் அதை நன்றாகத் தாங்கின என்று 1994-ல் அவரும் ஜான் டவுனிங்கும் எழுதினார்கள். உடனே மறுப்பு வந்தது: செடிவகை குறைந்ததே நீங்கள் போட்ட உரத்தால்தானே, வறட்சியில் வாடியதற்கும் அந்த உரமே காரணமாக இருக்கலாமே? நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் வயலிலிருந்துதான் வர முடியும். 1994-ல் புதிதாக 168 பாத்திகளில், எந்தப் பாத்தியில் எந்தச் செடிகள் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, 1, 2, 4, 8, 16 வகைகள் என்று விதைத்தார்கள். விதைக்காத செடி எது முளைத்தாலும் கையால் களை எடுத்தார்கள். 2001-ல் வெளியான முடிவில், 16 வகை இருந்த பாத்திகளின் உயிர்ப்பொருள் எடை, ஒரே வகை இருந்தவற்றைப்போல் 2.7 மடங்கு. பயறு குடும்பச் செடிகளும் கோடைப் புற்களும் சேர்ந்து வாழ்ந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இம்முறை உரத்தின்மேல் பழிபோட இடமே இல்லை.

ஆகவே பிள்ளைகளே, செடியின் பேச்சை நம் ஆசையின் பேச்சிலிருந்து பிரித்துக் கேட்கத்தான் அந்தக் கணக்கு.

விவசாயம் பார்க்கும் நம் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. புது உரம் விற்க வருபவர் செழிப்பான ஒரு மாதிரி வயலைக் காட்டினால், அந்த வயலைத் தேர்ந்தெடுத்தது யார், அப்படி எத்தனை வயல் என்று கேளுங்கள். போகம் முழுவதற்கும் பணத்தைக் கொட்டுமுன் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளாக ஆறேழு ஜோடி பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் காசு சுண்டி, விழுந்த பக்கத்துக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். அறுவடையில் தனித்தனியாக எடை போடுங்கள். செய்து பார்ப்பவர்கள் எடையை இங்கே எழுதினால், சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடலாம்.