கோடையும் விடுகதையும்

விடுகதை என்றதும் அது சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உளர். நம் முன்னோர் அவ்வாறு ஒதுக்கினாரல்லர். நமக்குக் கிடைத்துள்ள தமிழ் நூல்களுள் மிகத் தொன்மையதாகிய தொல்காப்பியம், செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் முதலிய எழுவகைகளைக் கூறுமிடத்து, பிசி என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. பிசி என்பது இன்று நாம் விடுகதை என வழங்குவதே. புலவர் இயற்றும் பாட்டுக்கும் அறிஞர் செய்யும் நூலுக்கும் உரிய வரிசையிலேயே பாட்டியின் வாய்ச்சொல்லுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பின்னர், காலந்தோறும் இடந்தோறும் நொடி, பிதிர், புதிர், அழிப்பாங்கதை எனப் பெயர்கள் பலவாயின, பொருள் ஒன்றே.

பிசி இருவகைப்படும் என்பது தொல்காப்பியர் கருத்து. ஒன்று, ஒப்புமையால் மறைத்துக் கூறுவது. மற்றொன்று, ஒப்புமை இன்றிப் பொருளின் இயல்புகளையே கூறி விடையை உய்த்துணர வைப்பது. கோடைக்குரிய எடுத்துக்காட்டுகள் இரண்டினை நாமே அமைத்துக் காட்டுவோம். “மேனியெல்லாம் முள் கொண்ட தாய், மடியெல்லாம் பொன்னிறப் பிள்ளைகள், பிள்ளையைப் பிரிக்கப் போனால் கையைப் பற்றிக்கொள்வாள்” என்பது முதல் வகை. பலாப்பழமும், சுளையும், கையில் ஒட்டும் பாலும் இங்கே தாயும் சேயுமாக மறைந்து நிற்கின்றன. “இலையில் எழுதலாம், இலையால் விசிறலாம், காயைக் கோடையில் உண்ணலாம், கனியை மழைக்காலத்தில் உண்ணலாம், எந்த மரம்?” என்பது இரண்டாம் வகை. இதில் உவமை ஏதும் இல்லை. பனையின் இயல்பே விடையைக் காட்டிவிடுகிறது.

கோடைக்கும் விடுகதைக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. சித்திரை, வைகாசித் திங்களில் வயலில் வேலை குறையும், பள்ளிகள் மூடியிருக்கும், இரவில் வீட்டுக்குள் உறங்க இயலாமல் முற்றத்திலும் திண்ணையிலும் பாய் விரிப்பர். ஏடு வேண்டா, விளக்கு வேண்டா. பாட்டியின் கையில் ஒரு விசிறியும் வாயில் ஒரு கேள்வியும் இருந்தாற் போதும். நுங்கு, மாங்காய், புளி, மண்பானை, விசிறி எனச் சுற்றிக் கிடந்த பொருள்கள் எல்லாம் வினாக்களாயின.

ஔவையார் கதையை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. வெயிலில் களைத்து வந்த மூதாட்டியிடம், நாவல் மரத்தின்மேல் அமர்ந்த சிறுவன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று வினவினான். பழத்தில் ஒட்டிய மணலை அவர் ஊதியபோது, பழம் சுடுகிறதா என்று நகைத்தான். இக்கதை வரலாற்றுச் செய்தியன்று. செவிவழி வந்த மரபு. ஆயினும் அதில் ஓர் உண்மை உண்டு. விடுகதையின் அவையில் மூத்தோர் இளையோர் என்ற வேறுபாடு இல்லை. பெரும்புலவரையும் ஒரு சிறுவன் வெல்லக்கூடிய இடம் அது. அதனாலன்றோ குழந்தைகள் அதனை விரும்புகின்றனர்!

நாம் குடியேறியுள்ள இவ்வங்க நாடும் விடுகதையைப் போற்றிய நாடேயாகும். இங்கே அதற்குத் தாந்தா என்றும் ஹேயாலி என்றும் பெயர். 1885ஆம் ஆண்டினை நினைவிற் கொள்க. அவ்வாண்டில், சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள், ஏட்டுச்சுவடியில் இருந்த தொல்காப்பியப் பொருளதிகாரத்தை உரையுடன் அச்சேற்றினார். பிசியின் இலக்கணம் அச்சு வடிவில் தமிழர் கைக்கு வந்தது. அதே ஆண்டில் இக்கல்கத்தாவில், தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த ஞானதானந்தினி தேவியார் ‘பாலக்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். அதில் இரவீந்திரநாதர் ஹேயாலி நாட்டியம் என்ற பெயரில் சிறு நாடகங்களை எழுதினார். காட்சிகளுக்குள் ஒரு சொல் ஒளிந்திருக்கும். காண்போர் அதனைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்நாடகங்கள் 1907இல் ‘ஹாஸ்யகௌதுக்’ என்ற நூலில் இடம்பெற்றன.

1913இல் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். அவர் மைந்தர் சுகுமார் ராய் அதனை வளர்த்தார். பெயரர் சத்யஜித் ராய் 1961இல், நின்றுபோயிருந்த அதற்குப் புத்துயிர் அளித்தார். கதையும் பாட்டும் போலவே புதிர்களும் அவ்விதழில் இடம்பெற்றன. சந்தேஷ் என்ற சொல்லுக்கு இனிப்பு என்றும் செய்தி என்றும் இரு பொருள் உண்டு; பெயரே ஒரு விடுகதை!

விடுகதை பழம்பொருள்களோடு நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டா. புதியது வந்தால் அதனையும் ஏற்றுக்கொள்ளும். 1833இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. நான்கு திங்கள் கடலில் வந்து கல்கத்தாவை அடைந்தபோது, உருகியது போக ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் என்ற கட்டடமும் இவ்வாணிகத்தின் பொருட்டே கட்டப்பட்டது. இன்று அது விவேகானந்தர் இல்லம். வெயில் நாட்டில் கப்பலேறி வந்து இறங்கிய கல், தொட்டால் குளிரும், விட்டால் நீராகும் என்றால், அதனினும் சிறந்த விடுகதைப் பொருள் வேறு யாது? 1899இல் இந்நகருக்கு மின்சாரம் வந்தது. அதன் வழியே மின்விசிறியும் விடுகதைக்குள் நுழைய வழி பிறந்தது.

எனவே விடுகதைக்குப் பொருள் குறையவில்லை; குறைந்து வருவது கேட்கும் வாய். நம் நியூ டவுன், ராஜர்ஹாட்டின் வயல்களும் நீர்நிலைகளும் இருந்த நிலத்தில் எழுந்த இளநகர். அதனை அமைக்கும் பொருட்டு ஹிட்கோ நிறுவனம் 1999இல் தோன்றியது. இங்கே அடுக்குமாடியில் வளரும் நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் கேளாமல் இல்லை. ஆனால் சாப்பிடு, குளி, படி, உறங்கு என்னும் ஏவற்சொற்களையே பெரிதும் கேட்கின்றனர். ஏவலுக்குத் தலையசைத்தாற் போதும். விடுகதைக்கோ ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேட்க வேண்டும். மொழி காதில் விழுவது வேறு, உள்ளத்தில் தங்குவது வேறு.

பொருள் கண்முன் இல்லையே என்று கூறவும் இடமில்லை. ஊரில் நாம் நுங்கு என்பதை இவ்வூர்த் தெருவோரத்தில் தால்ஷாஞ்ஷ் என்று கூவி விற்கின்றனர். நம் மண்பானைக்கு உறவாகக் குஞ்ஜோ என்னும் மண்கூசா கடைகளில் அடுக்கியிருக்கிறது. பலாவும் மாவும் நாவலும் வங்கக் கோடையிலும் கனிகின்றன. கேள்வியை நாம் கொண்டுவந்தாற் போதும். விடை இங்கேயே விற்கிறது.

இம்மலருக்கென நாம் புதியனவாக அமைத்த ஐந்து விடுகதைகளைக் கீழே தருகின்றோம். பெரியோர் உடனே விடை கூறிவிடாது, சிறுவருக்குச் சற்று நேரம் அளிப்பாராக.

1. மூன்று கண் உண்டு, பார்வை இல்லை. கண்ணைத் தோண்டினால் கண்ணீர் இனிக்கும்.

2. வெயில் ஏற ஏற இவள் வியர்ப்பாள். இவள் வியர்க்க வியர்க்க நம் தாகம் தணியும்.

3. மூன்று சிறகுண்டு, பறக்கத் தெரியாது. நாளெல்லாம் சுற்றியும் வீட்டைவிட்டுப் போகாது.

4. கையில் எடுத்தால் கல். மறந்து வைத்தால் நீர்.

5. அழையாமல் மாலையில் வருவான். சன்னலை அடிப்பான், கிளையை முறிப்பான். போகும்போது ஊரையே குளிரவைத்துப் போவான்.

விடைகள்: 1. நுங்கு. 2. மண்பானை. 3. மின்விசிறி. 4. பனிக்கட்டி. 5. கால்வைசாகி என்னும் கோடைப் புயல்.

இரண்டாவதற்கு விடை கண்ட குழந்தை, பானை ஏன் வியர்க்கிறது என்று அடுத்துக் கேட்கும். மண்ணின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கிறது என்று அப்போது விளக்கலாம். ஒரு விடுகதை இவ்வாறு ஒரு பாடமாகவும் விரிகிறது.

இக்கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பங்கள், தம் ஊர்ப் பெரியோர் வாயிலிருந்து ஒரு விடுகதையேனும் கேட்டு, ஊர்ப்பெயருடன் குறித்து வருக. செல்லாதோர் இங்குள்ள வங்க அண்டை வீட்டாரிடம் ஒரு தாந்தா கேட்டு, அதனைத் தமிழில் சொல்லிப் பார்க்குக. அடுத்த ஆண்டு விழாவில் நம் சிறுவர் அவற்றை மேடையில் கேட்கட்டும்; அவையில் அமர்ந்த பெரியோராகிய நாம் விடை தெரியாமல் விழிப்போமாக. அத்தோல்வியினும் இனிய வெற்றி நம் சங்கத்திற்கு வேறில்லை.